ஒற்றைக் கோடு

மைனஸ் இருபத்தேழு.
ஊலு நகரத்து அட்டை ஆலையில்
இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால்
இன்னும் விடிந்திருக்காது.
சமையலறை ஜன்னலில் நிற்கிறேன்,
கண்ணாடியில் படியும் என் மூச்சைத்
துடைத்துத் துடைத்து.
ஒன்பதரைக்கு வெளிச்சம் வரும்.
வெளிச்சம் என்றால்
கழுவாத பால் டம்ளரின் நிறம்.

முதலில் பட்டாணிக் குருவிகள்.
மார்பில் கறுப்புப் பட்டை
அகலமாய் இறங்கினால் ஆண்,
வழியில் மெலிந்தால் பெண்.
இதில் சண்டையில்லை.
மரங்கொத்திக்குப் பிடரியில் சிவப்பு,
அதிலும் இல்லை.
பிறகு பிர்ச் மரமே உதிர்வதுபோல்
நாற்பது, ஐம்பதாய்
செந்நெற்றிச் சிட்டுகள் இறங்கும்.
அங்கே தொடங்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் தைஸ்தோ.
மின்கம்பம் ஏறிப் பிழைத்தவர்.
அவர் தோட்டத்தில் அமர்ந்தால் அது
துருவச் சிட்டு, அபூர்வம், மூன்று எண்ணிக்கை.
அதே குருவி வேலி தாண்டி
என் சூரியகாந்தி விதைக்கு வந்தால்
சாதாரணச் சிட்டு.
ஒரு சாண் அகல வேலியில்
பதினான்கு குளிர்காலமாய்
இனம் மாறிக்கொண்டிருந்தது.

வெளுத்திருக்கிறதே, பார் என்பார்.
இந்தக் குளிரில்
இறகை உப்பிக்கொண்டால்
எல்லாமே பனியுருண்டைதான் என்பேன்.
அலகு குட்டை, முகத்தை யாரோ
உள்ளே அமுக்கியதுபோல் என்பார்.
உங்கள் முகமும்தான் என்று சொல்ல வந்து
காப்பியை விழுங்குவேன்.

புத்தகம் சொல்வது ஒன்று:
வாலைத் தூக்கட்டும்.
வாலடியில் கோடே இல்லை,
அல்லது மயிரிழையாய் ஒன்று, அப்படியென்றால் துருவத்தது.
தடித்த கோடுகள் என்றால் மற்றது.
எந்தக் குருவி நம் வசதிக்கு
முதுகு காட்டும்?
பைனாகுலரோடு இரண்டு பெரியவர்கள்
ஒரு பறவையின் பின்புறத்துக்காக
விரல் விறைக்க நின்றோம்.
தபால்காரி யொஹன்னா வண்டியை நிறுத்தி
என்ன தொலைந்தது என்று கேட்டாள்.

பதினைந்தாம் குளிர்காலத்தில் வல்லூறு வந்தது.
வேலிமேல் ஒரு நொடி.
பிறகு பனியில் கைப்பிடி இறகு,
சிறகு அடித்த தடம், விசிறி வைத்து எடுத்ததுபோல்.
இரு பக்கமிருந்தும்
முழங்கால் பனியில் ஓடினோம்.
கிடைத்தது. வாலடி இறகு. நகத்தளவு.
நடுவில் ஒரு கோடு.
மெல்லிசு, என்றார்.
தடிப்பு, என்றேன்.
வல்லூறுக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்காது.
தீப்பெட்டியில் வைத்து
ஒரு மாதம் அவர் வீட்டில்,
ஒரு மாதம் என் வீட்டில்.

பிறகொரு நாள் செய்தித்தாளில்
உள்பக்கத்தில், நாலே வரி:
மரபணுவைப் பிரித்துப் பார்த்தார்களாம்.
இரண்டும் ஒன்றுதானாம்.
ஜெயித்தேன் என்று எழுந்தேன்.
ஒரு காலில் பூட்ஸ் மாட்டியபின்தான் உறைத்தது:
நான் பிடித்துக்கொண்டிருந்த "சாதாரண"மும்
அவருடையதோடு சேர்ந்தே போய்விட்டது.
மறுநாள் வேலிக்கம்பத்தின்மேல் தீப்பெட்டி,
பறக்காமல் ஒரு கல்லும்.
அது அவருடைய மாதம்.

இன்று ஜனவரியின் கடைசி ஞாயிறு,
எண்ணும் நாள்.
பட்டியலில் செந்நெற்றிச் சிட்டுக்கு
இப்போது ஒரே வரி.
நாற்பத்தொன்று என்று எழுதுகிறேன்.
தைஸ்தோ கொட்டகைக்குள்
கொழுப்பு வெட்டிக்கொண்டிருக்கிறார்,
தொப்பி மட்டும் தெரிகிறது.

கூட்டத்தில் ஒன்று, மற்றவற்றைவிட
மாவு படிந்ததுபோல் வெளுப்பு,
விதைக்குக் குனிகிறது.
எனக்கு நேராக.
ஜன்னலுக்கு மூன்றடியில்.
தூக்குகிறது.

கோடே இல்லை.

தட்டினால் பறந்துவிடும்.
கூப்பிட்டாலும்.
நாற்பத்தொன்றை அடித்து
நாற்பது என்று எழுதுகிறேன்.
கீழே, பட்டியலில் இல்லாத வரியில்,
ஒன்று.

அவரிடம் சொல்வதா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.